தூரத்துத் தோழிக்குச் சேலத்தை எதில் அனுப்புவது: வாட்ஸ்அப்பா, ஆல்பமா, தபால் கவரா?

அயர்லாந்தின் கார்க் நகரில் செவிலியராக இருக்கும் என் தோழிக்கு ஊர்ப் படங்கள் வேண்டும். "ஏற்காடு ஏரியும் லேடீஸ் சீட்டும் நெட்லயே கிடைக்குது. நீ தினமும் கண்ணால பாக்குறதை அனுப்பு" என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறாள். 2018-இல் சேலத்தை விட்டுக் கிளம்பியவள். இப்படிக் கேட்கிற ஒருவர் இன்று பெரும்பாலான வீடுகளுக்கு உண்டு. துபாயில் மகன் இருப்பான், மெல்போர்னில் தங்கை இருப்பாள், அசாமில் பட்டாளத்து நண்பன் இருப்பான். அதனால் நான் யோசித்துப் பார்த்த வழிகளை ஒன்றோடொன்று வைத்து எழுதுகிறேன்.

படம் எடுப்பது இப்போது ஒரு விஷயமே இல்லை. எதில் அனுப்புவது என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்துவிட்டால் என்ன எடுப்பது என்பதும் பாதி முடிவாகிவிடும். வாட்ஸ்அப்புக்கு என்று எடுக்கிற படமும், கவரில் போடுவதற்கு என்று எடுக்கிற படமும் ஒரே மாதிரி அமைவதில்லை. என் ஓட்டு எதற்கு என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்ட இருபது படம், ஒவ்வொன்றின் பின்னாலும் கையால் எழுதிய இரண்டு வரி, ஒரு தபால் கவர். மற்ற வழிகளுக்கும் அதனதன் இடம் உண்டு.

வாட்ஸ்அப்பில் தொடங்குவோம், கை முதலில் அங்கேதான் போகிறது. எடுத்த நொடியில் போய்ச் சேர்ந்துவிடும், செலவும் இல்லை. "இங்க மழை கொட்டுது பாரு" என்று அனுப்ப இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது, பெரிதாக்கிப் பார்க்கும்போது கடைப் பலகையின் எழுத்து கலங்கித் தெரியும். 2023 முதல் எச்.டி. என்று ஒரு தேர்வு இருக்கிறது, அது கொஞ்சம் மேல். படத்தை 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்பினால் அசல் அப்படியே போகும், எடுத்த தேதியும் நேரமும்கூடச் சேர்ந்தே போகும். லொகேஷன் போட்டு எடுத்திருந்தால் அதுவும் போய்விடும் என்பதால், வீட்டுப் படங்களை அனுப்பும்போது கவனம் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் எனக்குள்ள மனக்குறை தரத்தைப் பற்றியது அல்ல. அவள் இரவு ஷிப்ட் முடித்து வந்து போனைத் திறக்கும்போது குடும்பக் குரூப், ஆஸ்பத்திரி குரூப், காலை வணக்கப் பூக்கள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். அதற்கு நடுவில் நம் செவ்வாய்ப்பேட்டைத் தெரு வந்தால் ஒரு இதயம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவாள். அது அவள் தப்பு இல்லை. போனில் வருகிற எல்லாவற்றையும் நாம் எல்லோருமே அப்படித்தான் பார்க்கிறோம். அன்றாடக் காட்சிகளோ நின்று நிதானமாகப் பார்த்தால்தான் வாய் திறக்கும்.

கூகுள் போட்டோஸில் பொது ஆல்பம் ஒன்று திறந்து இணைப்பை அனுப்புவது அடுத்த வழி. இதில் எனக்குப் பிடித்தது, நாலைந்து பேர் சேர்ந்து படம் போடலாம் என்பது. அவளுடைய அம்மா, அவளோடு ஹாஸ்டலில் இருந்தவர்கள், பக்கத்து வீட்டுப் பையன் என்று யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். அசல் தரத்திலேயே வைத்துக்கொள்ளலாம், படத்துக்குக் கீழே குறிப்பும் எழுதலாம். ஆனால் 2021 ஜூனிலிருந்து போட்டோஸில் ஏற்றும் படங்கள் எல்லாம் ஜிமெயிலோடு சேர்ந்த இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்காகும். இரண்டு வருஷம் தொடவே தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்ற விதியும் இருக்கிறது. வயதான அப்பாவின் கணக்கில் ஆல்பம் திறப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆல்பத்தின் பெரிய குறை, அதற்கு ஒரு எல்லை கிடையாது என்பது. ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டே போவார்கள், யாரும் எதையும் எடுத்து வீச மாட்டார்கள். ஒரே கோலத்தின் ஆறு கோணம் இருக்கும். பார்ப்பவருக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. அதனால் ஆல்பத்தை அவளுக்கு அனுப்புகிற பொருளாக வைத்துக்கொள்ளாமல், நாங்கள் படம் சேர்த்து வைத்துப் பொறுக்கி எடுக்கிற இடமாக வைத்துக்கொள்வது சரியாக வருகிறது. வளர்கிற குழந்தையின் படங்களை தாத்தா பாட்டிக்குக் காட்ட மட்டும் பொது ஆல்பமே போதும். அங்கே எத்தனை படம் இருந்தாலும் அவர்களுக்குச் சலிக்காது.

எடுத்ததும் வெளியே தள்ளும் இன்ஸ்டாக்ஸ் கேமராவைப் பற்றியும் யோசித்தேன். கையில் பிடிக்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மினி வகையில் படம் வருகிற பகுதி 62க்கு 46 மில்லிமீட்டர்தான். ஒரு முகத்துக்கு அது போதும், ஒரு தெருவுக்குப் போதாது. ஒரு பாக்கெட்டில் பத்து பிலிம், ஒவ்வொன்றும் ஒரே பிரதி. அந்தப் பிலிமை 5 முதல் 40 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கேமராவை வைத்துவிட்டுப் போனால் 40 தாண்டிவிடும், நிறம் மாறிவிடும். முகப் படம் ஒன்றிரண்டு சேர்க்க நினைப்பவர்களுக்குச் சரி. பழைய ரோல் கேமராவில் 36 படம் எடுத்துக் கழுவி அனுப்புவதும் நல்ல எண்ணம்தான், ஆனால் கழுவித் தருகிற இடத்தைத் தேடி அலைய நேரம் இருப்பவர்களுக்கு.

போட்டோ புக் என்கிற அச்சடித்த புத்தகம் அறுபதாம் கல்யாணத்துக்கும் பிரிவு உபசாரத்துக்கும் பொருத்தம். கெட்டி அட்டை, கனமான தாள், விமானத் தபாலில் எடைக்கு எடை காசு. சேலத்துத் தெருத் தீனியான தட்டுவடை செட் விற்கிற கடையையும் பால் பூத்தையும் அப்படி அச்சடித்தால் அவற்றின் இயல்பே போய்விடுகிறது. தபால் அட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு படத்தைக் கெட்டி அட்டையில் பிரிண்ட் போட்டு, பின்னால் எழுதி, தபால்தலை ஒட்டிப் போட்டுவிடலாம். மாதம் ஒன்று என்று போட்டால் அது ஒரு நல்ல பழக்கம். ஆனால் எழுதுவதைத் தபால்காரரும் படிக்கலாம், முத்திரையும் கீறலும் நேராகப் படத்தின் மேலேயே விழும்.

சரி, இப்போது கவர். பிரிண்ட் போட்ட படத்தில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், அது பொறுக்க வைக்கிறது என்பது. இருபதுதான் என்று முடிவு செய்துவிட்டால் ஆறு கோலத்தில் எது என்று உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும். இரண்டாவது, படத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறது. "இந்த அக்கா இன்னமும் உன்னை விசாரிக்குறாங்க" என்று எழுத போனில் அப்படி ஓர் இடம் கிடையாது. மூன்றாவது, அவள் அதை பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டலாம், வார்டில் கூட வேலை செய்பவளிடம் கொடுக்கலாம், சமைக்கும்போது மேசையில் பரப்பி வைக்கலாம். சார்ஜ் தீராது, பாஸ்வேர்டு கேட்காது.

ஸ்டுடியோவில் 4க்கு 6 இஞ்ச் கேளுங்கள். இந்த அளவுக்கு 1800க்கு 1200 புள்ளிகள் (பிக்சல்) இருந்தாலே துல்லியமாக வரும். இன்றைய எந்தப் போனும் அதைவிட அதிகம் தருகிறது, ஆனால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைக் கொடுக்கக் கூடாது, அசலைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். இன்னொன்று கவனிக்க வேண்டும். போன் படம் 4:3 விகிதம், தாளோ 3:2. அப்படியே போட்டால் படுக்கைவசப் படத்தில் மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். கோபுரத்தின் கலசம், குழந்தையின் பாதம் என்று சரியாக அங்கேதான் போகும். "வெட்டாம, ஓரத்துல வெள்ளை விட்டு முழுப் படமா போடுங்க" என்று சொன்னால் போட்டுத் தருவார்கள். அப்புறம், "கலர் கரெக்‌ஷன் வேண்டாம்" என்றும் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஸ்டுடியோவில் இதைச் சொல்லாமல் விட்டதற்கு, பூக்கார அக்காவின் முகத்தை வெளுப்பாக்கிக் கையில் கொடுத்தார்கள். அவருடைய நிறம் அவருடையது. அதை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. திரும்பப் போட்டுத் தரச் சொல்லி வாங்கினேன்.

பளபளப்பா, மேட்டா என்று கேட்பார்கள். மேட் வாங்குங்கள், விரல் ரேகை பதியாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் சாதாரண மையில் போட்டால் ஈரம் பட்டதும் இழுகும். அயர்லாந்து மழை ஊர், தபால்காரர் கையிலேயே கவர் நனையலாம். ஸ்டுடியோவில் லேப் பிரிண்ட் போடுவதுதான் பத்திரம்.

பின்பக்கம் எழுதுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும். ஜெல் பேனா காயவே காயாது, அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். சிடியில் எழுதுவதற்கு விற்கிற மெல்லிய முனை மார்க்கர்தான் தோது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் விசிறியடியில் பரப்பி வைத்து, பிறகு அடுக்க வேண்டும். படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. மடங்காமல் இருக்க அட்டை வேண்டுமே, அதற்குப் போன வருஷத்துத் தினசரி காலண்டர் அட்டையை மிஞ்ச ஒன்றும் கிடையாது. கவர் அளவுக்கு வெட்டி, படக்கட்டின் முன்னும் பின்னும் வைத்துக் கட்டினால் போதும்.

ஒரு படம் மூன்றரை, நாலு கிராம் வரும். இருபது படம், அட்டை, கவர் எல்லாம் சேர்த்து நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே போகும். தபால் கட்டணம் எடைக்கு ஏற்ப ஏறுவதால் நாற்பது படத்தைத் திணிப்பதைவிட இரண்டு தடவையாக அனுப்பலாம், அவளுக்கும் இரண்டு தடவை சந்தோஷம். சாதாரண விமானத் தபாலில் கவர் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. இ.எம்.எஸ். என்கிற வெளிநாட்டு ஸ்பீட் போஸ்டில் முடியும், கட்டணம் அதிகம். கூரியர் அதற்கும் மேலே. அசல் நம் போனிலேயே இருப்பதால் தொலைந்தாலும் திரும்பப் போட்டு அனுப்பலாம் என்று நினைத்து நான் சாதாரணத் தபாலையே எடுத்துக்கொள்கிறேன். உள்நாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது, இனி ஸ்பீட் போஸ்ட் என்றே கேட்க வேண்டும். வெளிநாட்டுக் கவருக்குள் கொலுசோ மஞ்சள் கிழங்கோ வைக்கிற ஆசை வரும். வேண்டாம். பொருள் சேர்ந்தால் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும், அங்கேயும் நின்று நின்று போகும். படமும் கடிதமும் மட்டும் என்றால் சிக்கல் இல்லை.

இனி, அந்த இருபது எவை? எனக்கு இதில்தான் அதிக அக்கறை. எந்தத் திட்டமும் இல்லாமல் மாதம் முழுக்க எடுத்ததில் நல்லதைப் பொறுக்குவது ஒரு வழி. படங்கள் தனித்தனியாக அழகாக இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று பேசாது. ஒரே ஒரு நாளைக் காலையிலிருந்து இரவு வரை எடுப்பது இன்னொரு வழி. ஒரு பாதையை அடியிலிருந்து முடிவு வரை எடுப்பது மூன்றாவது. முதல் கவருக்கு நான் ஒரு நாளைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அதற்குக் காரணம் நேர வித்தியாசம். சேலத்தில் காலை 6 மணிக்குப் பால் பாக்கெட் வந்து விழும்போது கார்க்கில் குளிர்காலமானால் நள்ளிரவு 12.30, கோடையானால் 1.30. அவள் இரவு ஷிப்டில் வார்டில் நடந்துகொண்டிருக்கும் நேரம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இரண்டு நேரத்தையும் எழுதினால், தான் மருந்து டிராலி தள்ளிக்கொண்டிருந்தபோது ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவளால் பார்க்க முடியும். போனில் எடுத்த நேரம் தானாகவே பதிவாகிவிடுவதால் நமக்கு நினைவு வைத்துக்கொள்ளும் வேலைகூட இல்லை.

என் நாளில் இருப்பவை: எதிர்வீட்டு வாசலில் காயாத சாணித் தண்ணீர் மேல் பாதி போட்ட கோலம். பழைய பேருந்து நிலையம் பக்கம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில், பனமரத்துப்பட்டி அரளி மூட்டை அவிழ்கிற நேரம். படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "எடுத்துக்கோ கண்ணு, முக்காட்டை சரி பண்ணிக்குறேன் இரு" என்றார் பூக்கார அக்கா. கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை, அதோடு கேட்டால்தான் முகம் நம் பக்கம் திரும்பும். வேண்டாம் என்று தலையசைத்தவர்களை எடுக்கவில்லை. அப்புறம் முன்பக்கம் ரோஸ் நிறம் அடித்த டவுன் பஸ். பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-இல் வந்தது, அவள் இருந்தபோது அதெல்லாம் இல்லை. அம்மாப்பேட்டையில் தறிச் சத்தம் கேட்கிற ஒரு ஜன்னல். சத்தத்தை அனுப்ப முடியாது, பின்னால் எழுதிவிடலாம்.

மாலையில் தட்டுவடை செட். இதை நின்று எடுக்க வேண்டும், கடையையும் கூட்டத்தையும் அல்ல, கையை. உள்ளங்கை அகலத் தட்டுவடை ஒன்று, அதன் மேல் பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் ஒரு இழுப்பு, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் ஒரு சிட்டிகை, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து அழுத்தும் நொடி. அந்த அழுத்தத்தில் ஓரத்தில் பீட்ரூட் சாறு கசியும். போடுகிறவர் விரல் நுனிகள் ஊதாவாகவே இருக்கும், கழுவினாலும் போகாது. இந்த ஒரு படத்துக்கு அவள் போன் போட்டு அழப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

புதிதாக வந்தவற்றை எப்படிச் சேர்ப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஐந்து ரோட்டுப் பக்கம் ஈரடுக்கு மேம்பாலம் 2020-இல் திறந்தது, பழைய பேருந்து நிலையம் இரண்டடுக்காக மாறி 2023-இல் திறந்தது. இவற்றைப் பெருமையாகத் தூரத்திலிருந்து எடுத்து அனுப்பினால் செய்தித்தாள் படம் போல ஆகிவிடும். அவள் பஸ்ஸுக்கு நின்ற அதே இடத்தில் நின்று, அவள் பார்த்த அதே திசையில் எடுக்க வேண்டும். தலைக்கு மேலே பாலம் வந்திருக்கும், எதிரே இருந்த கடை அப்படியே இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். எது மாறியது என்று கண்டுபிடிக்கும் வேலையை அவளிடமே விட்டுவிடலாம்.

இரண்டாவது கவருக்குப் பாதை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கவருக்கும் 20 படம். ஒரு வளைவுக்கு ஒன்று. கீழே முதல் வளைவுகளில் வெயிலில் காய்ந்த புதரும், தடுப்புச் சுவரில் குரங்குகளும். திரும்பிப் பார்த்தால் வெள்ளைக்கல் சுரங்க மேடுகள் சுண்ணாம்பு கொட்டியது போலத் தெரியும். ஏற ஏற ஜன்னல் ஓரம் குளிரும், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காபிச் செடி. கோடை மழை ஒன்று விழுந்து சில நாளில் போனால் காபி பூத்து மலையே மல்லிகை வாசம் அடிக்கும். பூ சில நாள்தான் நிற்கும் என்பதால் மார்ச், ஏப்ரலில் மழைச் செய்தி கேட்டதும் கிளம்ப வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் எடுத்தால் சில படம் ஆடித்தான் வரும், பரவாயில்லை. பள்ளிக்கூட நாளில் நாங்கள் அந்தச் சாலையை அப்படித்தான் பார்த்தோம்.

மற்றவர்களிடம் படம் கேட்கும்போது "ஏதாவது ரெண்டு படம் கொடுங்க" என்று கேட்டால் கல்யாணத்தில் எடுத்த செல்பி வரும். கேள்வியாகக் கேட்டால் நல்ல படம் வரும். "உங்க சமையல்கட்டு ஜன்னல் வழியா என்ன தெரியுது?" "இன்னைக்கு மத்தியானம் தட்டுல என்ன இருந்துச்சு?" "வீட்டுல செருப்பு எல்லாம் எங்க கிடக்கும்?" அவளுடைய அம்மாவிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். வாசலில் அப்பாவின் பழைய தோல் செருப்புப் பக்கத்தில், மகள் வந்தால் போட என்று வாங்கி வைத்த புது ரப்பர் செருப்பு. அது கட்டாயம் கவரில் போகும்.

எல்லோருக்கும் கவர்தான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். நண்பர் அடிக்கடி வீடு மாறுகிறவர், நாலைந்து பேரோடு ஒரே தபால் பெட்டி வைத்திருப்பவர் என்றால் ஆல்பமே பத்திரம். கண் மங்கிய பெரியவருக்கு அனுப்புவதானால் 5க்கு 7 அளவில் பத்து படம் போதும், எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பவருக்குத் தபால் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பிரிண்ட் பின்னால் போகட்டும்.

அயர்லாந்து முகவரிக்கு எயர்கோடு என்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு இட அஞ்சல் குறியீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு. நாட்டின் பெயரைக் கடைசி வரியில் பெரிய ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும், அனுப்புநர் முகவரியை முழுசாக. படங்களின் பின்னால் 1 முதல் 20 வரை எண் போட்டு, அதே எண்ணில் போனிலும் ஒரு போல்டர் வைத்துவிடுங்கள். அவள் போனில் "ஏழாம் நம்பர்ல பின்னாடி நிக்குறது யாரு?" என்று கேட்கும்போது நாமும் அதே படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம்.